புல்லட்டின் ஃபில்டரும் நைனாவின் வாசலும்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பழைய இன்ஜின் ஆயிலின் வாசனை மதிலைத் தாண்டி வந்தது. கரிந்த, கனத்த வாசனை. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன். "ஆயில் ஃபில்டர் மாட்டிகிச்சும்மா, வரவே மாட்டேங்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னங்க, உங்களை நினைத்துத்தான் சிரித்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நமக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் இருக்கும். எழுபதுகளின் கடைசி. மலைமேல் முருகன் சந்நிதியில், உங்கள் சிநேகிதர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு தாலி கட்டினீர்களே, அதற்குப் பிறகு என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, என் பெயரையே எடுக்கவில்லை. நகரிக்குப் பக்கத்தில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். நீங்கள் கனகம்மாசத்திரத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். எங்கள் வீட்டில் தெலுங்கு, உங்கள் வீட்டில் தமிழ். நாம் குடியிருந்த திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர், மூன்று வருஷமாக எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

ஆடிக் கிருத்திகை நெருங்கிய சமயம், எங்கள் ஊர்ச் சேலை வியாபாரி ஒருவர் கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க நைனா ஞாயித்துக்கிழம ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொன்னாரும்மா."

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அரக்கோணம் ரயில்வே ஷெட்டிலிருந்து சாயங்கால வண்டியில் வந்து இறங்கும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் சட்டையை ஆணியில் மாட்டினீர்கள். "ஆங், போலாம். பஸ்ல வேணாம். காவடிக் கூட்டத்துல கால் வைக்க முடியாது. வண்டியிலயே போலாம்" என்றீர்கள்.

வண்டி என்றால் அந்தப் பழைய புல்லட். யார் யார் கையிலோ இருந்து நம் வீட்டுக்கு வந்தது. ஆயில் மாற்றிப் பல வருஷம் ஆகியிருக்கும், இப்படியே அவ்வளவு தூரம் ஓட்டினால் இன்ஜின் சூடாகி நின்றுவிடும் என்றீர்கள். அரக்கோணத்திலிருந்து புது ஃபில்டரும் ஆயிலும் வாங்கி வந்தீர்கள். அவை அலமாரியில் அப்படியே இருந்தன. சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வுதான். அன்றைக்கும் அவற்றை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் குளித்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கும்போது, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"கொஞ்ச நேரந்தாம்மே. ஃபில்டர மாத்திட்டுக் கெளம்பிடலாம்."

இன்ஜினுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு வட்ட மூடி. அதற்குள்ளே துணியால் சுற்றிய உருளை. அதுதான் ஃபில்டர். மூடியை முன்பு யாரோ பசை தடவி ஒட்டியிருந்தார்கள். நட்டைக் கழற்றிய பிறகும் அது அசையவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து மூடியின்மேல் வைக்கச் சொன்னீர்கள். வைத்தேன். மரச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினீர்கள். சேலை முழுக்க ஆவி. கடைசியில் மூடி வந்தது. உள்ளே ஃபில்டர் கறுத்து, தார் மாதிரி பிசுக்கு ஏறி, குழியோடு குழியாக ஒட்டிக்கிடந்தது. சைக்கிள் ஸ்போக் கம்பியைக் கொக்கியாக வளைத்து இழுத்துப் பார்த்தீர்கள். துணிதான் பிய்ந்து வந்தது.

தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. அரோகரா சத்தத்துக்கு நடுவில் நீங்கள் முனகுவது கேட்டது. வெயில் ஏறியது. நைனா வீட்டில் இலை போட்டிருப்பார்கள்.

"ஏங்க, பஸ்லயே போய்டலாங்க. தொங்கிகினாவது போய்டலாம்."

"இரு இரு, வந்துடும்."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். சொம்போடு திரும்பி, கதவருகில் வந்தவள் அப்படியே நின்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கொக்கியைப் போட்டு மெதுவாக இழுத்தீர்கள். ஃபில்டர் முனகிக்கொண்டு நகர்ந்தது. பாதிக்குமேல் வெளியே வந்துவிட்டது. கறுப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுந்தது. நீங்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கட்டை விரலால் அதை மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டீர்கள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சொம்பைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. பிறகுதான் யோசித்தேன். ரயில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற ஃபிட்டர் நீங்கள். துரு ஏறிப்போன எத்தனையோ போல்ட்டுகளைக் கழற்றிய கதைகளை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்வீர்கள். உள்ளங்கை அகல மூடிக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க எதற்கு?

பட்டுச்சேலையோடு மண்ணில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் புடிச்சிகினு கீது" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

தண்ணீரை நீட்டினேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தீர்கள். பிறகு நீங்களாகவே பேசினீர்கள்.

"கல்யாணமான அடுத்த மாசம் நான் உங்க வீட்டுக்குப் போனேன். உன்கிட்ட சொல்லல."

"எப்போ? எதுக்கு?"

"மன்னிப்பு கேக்கத்தான். வாசல்ல நின்னு மாமான்னு கூப்பிட்டேன். உள்ள தறி சத்தம் கேட்டுகினே இருந்திச்சு. யாரும் வெளிய வரல. உங்கம்மா ஜன்னல் வழியா பாத்துட்டு உள்ள போய்ட்டாங்க. எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. தெருவுல போறவன்லாம் பாத்துகினே போறான். அப்பால திரும்பி வந்துட்டேன்." கையில் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "இன்னிக்கும் அப்டி நிக்க வச்சிட்டா? அதுவும் உன் கண்ணு முன்னாடி?"

மூன்று வருஷம் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, நான் அம்மாவை நினைத்து அழுதபோதெல்லாம் என் தலையைத் தடவிக்கொடுத்திருக்கிறீர்கள். நைனாவைப் பற்றி ஒரு சொல் தாழ்த்திச் சொன்னதில்லை.

"நிக்க வச்சா நானும் உங்க கூட நிக்கிறேன். ரெண்டு பேருமா நிப்போம். கால் வலிச்சா திரும்பி வந்துடலாம்" என்றேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். சிரிக்கவில்லை. கொக்கியைப் போட்டு ஒரே இழுப்பில் ஃபில்டரை வெளியே எடுத்துத் தட்டில் போட்டீர்கள். புது ஃபில்டரை வைத்து, மூடியைப் பூட்டி, ஆயில் ஊற்றி, கைலியை மாற்றிக்கொண்டு வந்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது.

நாம் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. தெருமுனையிலேயே வண்டியின் வேகத்தைக் குறைத்தீர்கள். உங்கள் முதுகு விறைத்துப் போனது எனக்குத் தெரிந்தது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வாசலில் நைனா நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்க்கவில்லை. நேராக உங்களிடம் வந்தார். "ஏம்ப்பா, இதுவா வர்ற நேரம்? வழியில ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு மனுஷன் எவ்ளோ நேரம் பயந்துகினு நிக்கிறது?" என்று சத்தம் போட்டார்.

"வண்டில ஃபில்டர் மாட்டிகிச்சு மாமா" என்றீர்கள்.

நைனா உங்கள் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "ரா" என்று தெலுங்கில் கூப்பிட்டுக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். தவிட்டைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லி, அவரே வாளியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார். நீங்கள் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கறுப்பு போன பிறகும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதபடி காதோரம் சொன்னாள்: "உங்க நைனா காலையில தறியில உக்காரவே இல்லடி. வாசல்லயே நின்னுகினு கீறாரு. சாப்பிடக் கூப்பிட்டா திட்றாரு."

இதை நான் உங்களிடம் சொன்னது திரும்பி வரும் வழியில். பொழுது சாய்ந்து மலை கண்ணில் பட்டபோது. நீங்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டீர்கள். ஒரு புளியமரத்தடியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணையும் துடைத்துக்கொண்டீர்கள். "அவரும் பயந்துகினுதாம்மே இருந்திருக்காரு" என்றீர்கள். ஃபில்டரை மறுபடி உள்ளே தள்ளியதை நான் பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் உங்களிடம் சொல்லவே இல்லை. கடைசிவரைக்கும்.

நீங்கள் போன பிறகு, காரியம் முடிந்து சென்னைக்குத் திரும்பிய நம் மகன் மாதக்கணக்கில் இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு வாரம் கார் சர்வீஸில் இருக்கிறது என்பான். அடுத்த வாரம் லீவு கிடைக்கவில்லை என்பான். சொந்தக்காரர்கள் அவனைக் குறை சொன்னார்கள். அப்பா போனதும் அம்மாவை மறந்துவிட்டான் என்றார்கள். நான் போனில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மின்சார ரயில் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்தேன். அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவனாகவே, "அங்க வந்தா அப்பாவோட நாற்காலி காலியா இருக்குமேம்மா" என்றான்.

"ஆங், காலியாத்தான் கீது. எனக்கும் அந்தப் பக்கம் திரும்பவே பயமாத்தான் இருக்கு. வா, ரெண்டு பேருமா போய்ப் பாக்கலாம்" என்றேன்.

அன்றைக்கே என்னோடு கிளம்பி வந்தான். நம் வீட்டு வாசலில் சாவியை வாங்கி அவனே கதவைத் திறந்தான். நான் அவன் தோளை ஒட்டி நின்றுகொண்டேன். பிறகு இருவரும் உள்ளே போனோம்.