ஐந்து நாள் மருந்து

அன்பு மகன் குழந்தைவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் செட்டில் இருக்கிற இருபதாயிரம் கோழிகளும் சுகம். நீயும் போர் போடுகிற ரிக் வண்டிப் பையன்களும் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். உங்கப்பா சுகமில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால் ராய்ப்பூருக்கு உன் வண்டிக்கு வேலைக்கு வருகிற ஆண்டியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது, மாதா மாதம் மாத்திரை வாங்க மட்டும் இன்றுவரை கை வரவில்லை. ஐந்து நாள் விழுங்குவார், ஆறாம் நாள் நிறுத்திவிடுவார். கேட்டால், கோழிக்குத் தண்ணியில அஞ்சு நாள்தான் மருந்து உடறோம், அதோட சொகமாயிருது, தெனமும் மருந்து கேக்கற கோழிய எவன் வெச்சிருப்பான், கழிச்சுக் கட்டிற மாட்டமா என்பார். பெரிய கண்டுபிடிப்பு. ஒரு கோழி தும்மினால் போதும், நாமக்கல்லுக்கு ஓடி ஐஸ் பெட்டியில் வைத்து மருந்து வாங்கி வருவார். தன் காலில் புண் வந்து சீழ் பிடித்தபோது மஞ்சளை அப்பிக்கொண்டு திரிந்தார். தானும் முட்டை போட்டிருந்தால் தன் உடம்புக்கும் செலவு செய்திருப்பார். நானே மாத்திரை வாங்கி வைத்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார், வெட்கமே கிடையாது. எத்தன நாளைக்குங்க சாப்படறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டார், ஆயுசு முழுக்க என்று அந்தம்மா சொன்னதும், அப்ப இது வைத்தியமில்லீங்க, வாடகைங்க என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தேன்.

கால் விரலில் கல் இடறிக் காயம் என்று உன்னிடம் சொன்னாரே, அது பொய். போன மாதம் இடது கால் பெருவிரல் கறுத்துப்போய், அதை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் பாதமே போகும் என்று சொன்னார்கள். உங்கப்பா கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், ஒரே தடவ பணம் கட்டறதுதானுங்களே என்று. ஆமாம் என்றதும் முகமெல்லாம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மறுபடி மாத்திரைச் சீட்டை நீட்டினார், அதான் வெரலயே எடுத்தாச்சே, இன்னும் எதுக்குங்க மாத்தர என்கிறார் இந்தப் புத்திசாலி. இந்த மனுஷனுக்காகவா ஆபரேஷன் முடிகிற வரைக்கும் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

இப்போது தம்மம்பட்டிப் பக்கம் எவனோ ஒருத்தன் நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரையை வேரோடு எடுத்துவிடுகிறானாம், மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்ட வேண்டுமாம். அதற்கு மட்டும் தாராளமாகக் கை நீளுகிறது. புதுச் செட்டுப் போடணும் என்று உன்னிடம் பணம் கேட்பார், கேட்கும்போது இருமிக் காட்டுவார். நீ ஒரு பைசா அனுப்பக் கூடாது. அனுப்பினால் இருக்கிற மாத்திரையையும் விட்டுவிடுவார், அப்புறம் அந்தப் பாதம் நமக்கில்லை.

கட்டுப் போட்ட காலோடு அவரால் தீவன மூட்டை தூக்க முடியாது, எல்லாம் நான்தான். தீவன அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மாத்திரை விழுங்காத நாள் கோழிக்குத் தீனி இல்லை என்று சொல்லிவிட்டேன். விளையாட்டென்று நினைத்தார், ஒரு காலை கோழியெல்லாம் கத்த ஆரம்பித்ததும் தானாகவே தண்ணீர்ச் செம்பை எடுத்தார். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது, ஒரு வேளை தவறவில்லை. எனக்காக இல்லை, உனக்காக இல்லை, கோழி வாடிவிடுமாம்.

சர்க்கரை அப்பன் வழியில் பிள்ளைக்கும் வருமாம், நீயும் ஊசி குத்தி ரத்தம் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று எனக்கு மட்டும் சொல். நல்லா இரு சாமி, நீ தொட்ட போரிலெல்லாம் தண்ணீர் பொங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா பூவாத்தாள்