இரண்டு புள்ளிப் பொட்டலம்

சென்னை,
9.6.1975

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பிரஷர் மாத்திரை என்று நினைத்துச் சர்க்கரை மாத்திரையையே இரண்டு தரம் போட்டுக்கொண்டு, உப்பளத்து வரப்பில் நீ மயங்கி விழுந்ததாகச் சைபுன்னிசா எழுதியிருந்தாள். பார்வை போன உனக்குப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதி அனுப்பியவள் நான்தானே. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதே என் வேலை, இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை.

புதிய பொட்டலங்களில் ஊசியால் குத்தியிருக்கிறேன். ஒரு புள்ளி பிரஷர். இரண்டு புள்ளி சர்க்கரை. தடவிப் பார். சரிப்படாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன்.

உன் மகள்,
தெய்வநாயகி

மரக்காணம்,
17.6.1975

கண்ணு தெய்வநாயகி,

நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு சைபு எழுதறா. உன் புள்ளி ஒண்ணும் தெரியலடி. முப்பது வருஷம் உப்பு வாரின விரலு, கட்டையாப் போச்சு. முள்ளு குத்தினாலே தெரியாது, நீ ஊசியால குத்தி அனுப்பறே! சைபுதான் பார்த்துக் குடுக்கறா. நோன்பு கழிஞ்சி அவளுக்கு நிக்காஹ். பெரிய முதலியார்சாவடிக்குப் போயிடுவா.

அதுக்காக நீ வந்துடாத. வெள்ளைக் கோட்டு போட்டு நிக்கறது நம்ம வம்சத்துலயே நீ ஒருத்திதான்.

அம்மா பொன்னம்மாள்

சென்னை,
24.6.1975

அம்மா,

சைபு போன பிறகு யார் படித்துச் சொல்வார்கள்? ஒன்றாம் தேதி ராஜினாமாவைக் கொடுக்கிறேன். இங்கே நான் வாய் திறப்பதே இல்லை. போனாலும் யாருக்கும் தெரியாது.

தெய்வநாயகி

மரக்காணம்,
27.6.1975

அடியே, குடுத்துடாத!

நீ கொழந்தையா இருந்தப்போ காய்ச்சல் இருக்குதான்னு கையால தொட்டா எனக்குத் தெரியாது. நெத்தியில உதட்டை வெச்சுத்தான் பார்ப்பேன். நேத்து அந்த நெனப்பு வந்துச்சு. பொட்டலத்தை உதட்டுல வெச்சேன். ரெண்டு புள்ளியும் மணி மணியா தெரியுது!

சைபு ஏழு பொட்டலத்தைக் கலைச்சிக் குடுத்தா. ஏழும் சரியா சொல்லிட்டேன். "ஏன் பெரிம்மா, மாத்திரைக்கு முத்தமா குடுக்கறீங்க?"ன்னு கேலி பண்றா. பண்ணட்டும்.

அங்க கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு வர்றாங்க? வாயைத் தொறந்து சொல்லுடி.

அம்மா

சென்னை,
4.7.1975

அன்புள்ள அம்மா,

இன்று மருந்து வாங்கக் கைத்தடியோடு கண் தெரியாத ஒரு பெரியவர் வந்தார். கல் உடைத்த கை. உன் விரல்களைப் போலவே இருந்தது. இங்கே மருந்து மடிக்கும் காகிதம் உனக்கு அனுப்பியதைப் போல் இல்லை, மெல்லியது, குத்தினால் கிழிகிறது. கொடுக்காமல் வைத்திருந்த ராஜினாமாத் தாள்தான் தடிமன். எழுதாத பாதியை வெட்டி, இரண்டு புள்ளி குத்தி, சர்க்கரைப் பொட்டலத்தில் கட்டினேன்.

"ஐயா, உதட்டுல வெச்சுப் பாருங்க" என்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. காதில் விழவில்லை என்றார். உரக்கச் சொன்னேன். வரிசையே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும்மா" என்றார்.

உன்
தெய்வநாயகி