வகுக்க மறந்த வெளிச்சம்

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் உன் நலம் தெரியாமல் எங்களுக்கு ஏது நலம், நீதான் போனையே எடுப்பதில்லையே. அப்பாவுக்கு பஸ் டிப்போவில் டயர் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது, படுங்கள் என்றால் கேட்டால்தானே, போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கிறார். உன் அறைத்தோழன்தான் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். வெகுதூரத்து நட்சத்திரக் கூட்டம் ஒன்றில் புது நட்சத்திரங்கள் யாரும் காணாத வேகத்தில் பிறக்கின்றன என்று நீ கட்டுரை எழுதி, எல்லோரும் கொண்டாடினார்களாம். நமக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் இன்னொரு கூட்டம் தன் கனத்தால் வெளிச்சத்தை வளைத்துப் பூதக்கண்ணாடி போலப் பெருக்கிக் காட்டும், எத்தனை மடங்கோ அத்தனையால் வகுத்தால்தான் உண்மை அளவு என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். கூட வேலை செய்யும் பெண் கொடுத்த எண்களை ஏற்கெனவே வகுத்தவை என்று எண்ணிவிட்டாயாம். வகுத்துப் பார்த்தால் அது சாதாரணக் கூட்டம்தானாம். தப்பை நீயே கண்டுபிடித்து, நீயே கட்டுரையைத் திரும்ப வாங்கினாய் என்று கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மனசறியச் சொல்கிறேன்.

அப்புறம் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "புத்தகம், குளிருக்குப் போடுற கோட்டு எல்லாத்தையும் என்னையே வெச்சுக்கச் சொல்லிட்டாம்மா, ஏன்டான்னு கேட்டா சிரிக்கிறான்" என்றான். உன் பெரிய மாமாவை உனக்கு நினைவிருக்காது. வேலையில் பெயர் கெட்டதும் கைக்கடிகாரத்தை எனக்குக் கொடுத்தார், சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார், எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். தெளிந்துவிட்டார் என்று நம்பி நாங்கள் அவரவர் வேலைக்குப் போனோம், சாயங்காலம் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. மாரடைப்பு என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தோம். அது மாரடைப்பு இல்லை. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல், அம்மா திட்ட மாட்டேன்.

இதை உன் தோழனுக்குப் போனில் அனுப்பி, அச்செடுத்து உன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே உட்காரும்படி சொல்லியிருக்கிறேன், அவனை வெளியே அனுப்பாதே. அவன் டாக்டரிடம் கூப்பிட்டால் கூடப் போ. ஒரு வாய் சாப்பிடு. நானும் அப்பாவும் நாளைக்கு விமானம் ஏறுகிறோம். நூறு வயது இரு என்று வாழ்த்துவார்கள், எனக்கு அவ்வளவு பேராசை இல்லை, நாங்கள் வந்து சேரும்வரை இரு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா