வழவழப்பும் சொரசொரப்பும்

மார்ச் 9

பூச்சிக்காரி தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. மரத்தடியில் செத்துக் கிடந்த வண்டை உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினேன். வாயில் நுழையாத ஒரு பெயரை எழுதி, "பச்சை மரத்தைக் குடையும் வண்டு, ஒன்றையும் விடாமல் வெட்டு" என்றாய். ஏழு ஆரஞ்சு மரங்களையும் வெட்டினேன்.

நேற்று விவசாய ஆபீசர் வந்து அடிமரங்களைப் பிளந்து பார்த்தார். ஒரு துளைகூட இல்லை. அந்நேரம் என் தச்சுப் பட்டறைப் பலகையிலிருந்து அதே மாதிரி இன்னொரு வண்டு வெளியே வந்தது. "இது காய்ஞ்ச கட்டையில வர்ற ஜாதிங்க. யாரு வெட்டச் சொன்னா?" என்றார். எந்த முகத்தோடு உன் பேரைச் சொல்வேன்?

உன் அண்ணி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உன் அண்ணன்

மார்ச் 14

அண்ணனுக்கு,

கத்தாதே. இரண்டு வண்டுக்கும் கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, உடம்பைவிட நீளமான கொம்பு. வித்தியாசம் தோள்பட்டையில்தான். கட்டையில் வருவதற்கு அங்கே சொரசொரப்பாக இருக்கும். மரத்தைக் கொல்வதற்கு வழவழப்பு. நீ அனுப்பியது வழவழவென்று இருந்தது.

இன்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு பழுப்பானது. அடியில் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. புத்திகெட்டவனே, வண்டுக்குப் பாலிஷ் போட்டாயா?

தங்கச்சி

மார்ச் 19

ஆமாம், போட்டேன். ரெண்டு கோட். தபாலில் கால் உடையாமல் வரட்டும் என்றுதான். அழுக்குப் பூச்சியை அனுப்பினால் உன்கூட வேலை செய்கிறவர்கள் உன்னைத்தானே இளக்காரமாகப் பார்ப்பார்கள்?

அந்தப் பளபளப்பு உன் கண்ணில் படவே இல்லையா? அப்புறம் எதற்கு அவ்வளவு பெரிய பூதக்கண்ணாடி? அண்ணியிடம் எல்லாம் உன் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்

மார்ச் 25

அண்ணா,

பளபளப்பு கண்ணில் பட்டது. டப்பாவைத் திறந்ததும் உன் பட்டறை வாசனைகூட வந்தது. துடைக்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் மேஜையில் பார்க்க வேண்டியது இன்னும் அறுபது டப்பா இருந்தது. வழவழப்பு என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏழு மரத்துக்கும் நான்தான் பொறுப்பு என்று அண்ணிக்கு எழுதிவிட்டேன். பாலிஷைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை நீ நேரில் போய்ச் சொல்.

சொல்லும்வரை எனக்குக் கடிதம் போடாதே.

தங்கச்சி