விறகு என்று எழுதியதை அடித்துவிடு

மரக்காணம்
14.10.2005

அன்பு மகள் லிடியாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், இந்த மழைதான் ஆளைச் சும்மா இருக்க விடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் கனடா குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது. அம்மா தினமும் ஜெபமாலையை உங்கள் மூன்று பேருக்கும்தான் சொல்கிறாள், நான் பாதியில் தூங்கிவிடுகிறேன் என்று புகார் வேறு.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை பெஞ்சமின் பெயருக்கு ஒரு கடிதம் போட்டேன், இந்நேரம் வந்திருக்கும். புது வீட்டைச் சூடாக வைக்க விறகு அடுப்பு போடுவதா, குழாயில் வருகிற கேஸ் போடுவதா, நவம்பர் பத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய் அல்லவா, அதற்குப் பதில். பக்கத்துக் காட்டில் விறகு சும்மாவே கிடைக்கிறது என்று மாப்பிள்ளை சொல்கிறாரே, அவர் சொல்வதுதான் சரி, விறகே போடுங்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அதை அப்படியே கிழித்துப் போடு. கேஸ்தான். இது என் முடிவு, இனிமேல் மாறாது.

எப்படி மாறியது என்று கேட்பாய். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மத்தி மீனை ஆய்ந்துகொண்டு இருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மாப்ள லாரி எடுத்துக்கினு நாலு நாளு அஞ்சு நாளு போய்ட்டா அங்க விறக யாரு தூக்கறது என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன், நீ இங்க தூக்கலியா என்றேன். தூக்கறேன், அதனாலதான் கேக்கறேன் என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவ எழுந்து போய்விட்டாள். உன் அம்மாவைத் தெரியுமே, இரண்டாம் தரம் சொல்ல மாட்டாள்.

நான் யார், உப்பளத்து மேஸ்திரி. எந்தப் பாத்தியில் என்றைக்கு உப்பு வாரலாம் என்று நான் சொன்னால் நாற்பது பேர் வாருவார்கள், ஒருத்தர்கூட எதிர்த்துப் பேச மாட்டார். விறகு தூக்குவது ஒரு பெரிய வேலையா, நானே காட்டுகிறேன் என்று கிளம்பினேன். மழையில் பாத்தியெல்லாம் முங்கிப்போய் எனக்கும் வேலை இல்லை. சவுக்குத் தோப்புக்குப் போய் சுள்ளி மிளாறு பொறுக்கிக் கட்டித் தலையில் வைத்தேன் பார், வீடு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். பஞ்சநாதன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் மேஸ்திரி, சம்சாரம் ஊர்ல இல்லியா என்று கேட்டுச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் அத்தனையும் ஈரம், பற்ற மாட்டேன் என்கிறது. ஊதி ஊதிக் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருபத்தேழு வருஷமாக நான் அளத்திலிருந்து வந்தவுடனே வெடித்த காலுக்கு ஊற்ற வெந்நீர் ரெடியாக இருக்கும். அந்த விறகு எங்கிருந்து வருகிறது, யார் தலையில் வருகிறது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. நீ அவள் வயிற்றில் எட்டு மாசமாக இருந்தபோதும் அவள் சுமந்திருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது லிடியா.

அதனால்தான் சொல்கிறேன். தை மாதம் உனக்குப் பிரசவம். பனி கொட்டும்போது வயிற்றைத் தூக்கிக்கொண்டோ கைப்பிள்ளையை விட்டுவிட்டோ நீ வெளியே போய் விறகு அள்ளக் கூடாது. சுவரில் இருக்கிறதைத் திருகினால் வீடு சூடாகும் என்று எழுதியிருந்தாயே, அதுதான் வேண்டும். மாப்பிள்ளை நல்லவர், அவர் யோசிக்காமல் சொல்லவில்லை, நானும் யோசித்துத்தான் எழுதினேன். தூக்காதவர்கள் இரண்டு பேர் சேர்ந்து யோசித்தோம், அவ்வளவுதான். இதை அவருக்கும் படித்துக் காட்டு, மாமா தப்பாகச் சொல்லிவிட்டார் என்றே சொல். போனில் சொல்லியிருப்பேன், பூத்தில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது என் தப்பை நான் கத்திச் சொல்ல முடியுமா. எழுத்தில் இருந்தால் மாப்பிள்ளையும் நிதானமாகப் படிப்பார்.

இங்கேயும் திண்டிவனத்தில் கேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், வர நாளாகும் என்றார்கள். வருகிற வரைக்கும் விறகு என் பொறுப்பு. நேற்று நானே வெந்நீர் வைத்து அம்மாவைக் குளிக்கச் சொன்னேன். இம்மாஞ் சூட்ல ஊத்திக்கினா தோலு உரிஞ்சிடும் என்று திட்டினாள், அப்புறம் விளாவிக்கொண்டு ரொம்ப நேரம் குளித்தாள். வெளியே வந்து, இப்பதான்யா எனக்கு ஒருத்தர் வெந்நி வெச்சிக் குடுத்திருக்காங்க என்றாள்.

காதை மூடிக்கொள், இரும்பு மாத்திரையை விடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றுவாள். பத்தாம் தேதியை மறக்காதே, கேஸ் என்று நீயே உன் வாயால் சொல்.

உன் அப்பா,
பவுல்ராஜ்

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும் உன் அம்மா லூர்துமேரி