வேகத்தைக் கூட்டிய நாள்

தோஹா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள றிபாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் நோவு எப்படி? நம் மகள் சம்ஹா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சுகம். தொலைபேசியில் கதைத்தால் நீ அழுவாய் என்பதால், ஊருக்கு வரும் பாலமுனை ஜெஸீலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன கிழமை லேத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு கடைந்தேன். அதை மெதுவாகச் சுற்றவிட்டு, கத்தியைத் தயங்காமல் முன்னே செலுத்த வேண்டும். வேகம் கூடினால் கத்தி முனை எரிந்துவிடும். முன்பொரு முறை இதைச் சொன்னதற்கு, நாகர்கோவில்காரன் போர்மன் தங்கராஜ் எல்லோருக்கும் முன்னால், "சிலோன் புரொபசர் பாடம் எடுக்கிறாரு, கேட்டுக்கங்கடா" என்றான். அதை நான் மறக்கவில்லை. இம்முறை அவன், "ஸ்பீடைக் கூட்டுங்க புரொபசர், நான் பொறுப்பு" என்றபோது, "ஓம்" என்று கூட்டினேன். அவன் வேலை கெடட்டும் என்றுதான். முனை எரிந்தது, தண்டும் பாழ். சூடான இரும்புச் சீவல் என் பெருவிரலில் சுற்றிக்கொண்டது. சின்னக் காயம்தான். விரல் மரத்துக் கிடக்கிறது, நோவில்லை.

பொறுப்பு என்றவன் பேச்சை மாற்றி, பிழையை என் தலையில் போட்டுவிட்டான். புதுத் தண்டு முடியும்வரை, நிக்காஹ்வுக்கு வரக் கேட்டிருந்த லீவும் எனக்கு இல்லை.

சம்ஹாவின் நிக்காஹ்வைத் தள்ளிப்போடாதே. எனக்குப் பகரமாக, மணமகளின் பொறுப்பாளராக, வொலியாக நிற்கும்படி என் கூடப்பிறந்த காக்காவைக் கேள். மாவடிப்பள்ளி வயல் பிரச்சினைக்குப் பிறகு நான் அவரோடு கதைப்பதில்லை. நீதான் கேட்க வேண்டும்.

ஜெஸீல் திரும்பும்போது கருஞ்சீரக எண்ணெய் கொடுத்துவிடு. அவனை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வாகனம் வந்துவிட்டது. நிக்காஹ் நடக்கும்போது யாரும் எனக்கு வீடியோவில் காட்ட வேண்டாம். அந்த நேரம் நான் லேத்தில் நிற்பேன்.

மஃறூப்