செவலைக்கு வாங்கிய மட்டக்குதிரை

அன்பு மனைவி ஹினாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் உன் பெயரை முதல்முறையாக நானே எழுதிவிட்டேன், பார்! முழங்கால் வலி குறைந்ததா?

ஜோடி செத்ததிலிருந்து முதலாளியின் செவலைக் குதிரை புல்லைத் தொடவில்லை. துணைக்கு ஒரு மட்டக்குதிரை வாங்கச் சந்தைக்குப் போனேன். நம் சும்பாத் தீவிலிருந்து இந்த ஜாவாவுக்குக் கப்பலில் வந்த இரண்டு குட்டைக் குதிரைகள் கழுத்தோடு கழுத்து வைத்து நின்றன. நம் பேச்சில் கூப்பிட்டேன். சின்னது காதைத் திருப்பியது.

"என்ன தாத்தா, சொந்தக்காரனா?" என்று சிரித்தான் விற்கிறவன். "ரெண்டையும் ஓட்டிட்டுப் போ. பிரிச்சா மத்தது கத்தியே செத்துரும்."

"ஒண்ணுதான்யா வாங்கச் சொன்னாரு."

சின்னதைக் கொண்டுவந்தேன். செவலை இப்போது தின்கிறது. முதலாளி என் தோளைத் தட்டினார். ஆனால் சந்தையில் விட்டுவந்தது கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டது, ஹினா. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் தங்கை கஹியை வந்து உன்னோடு இருக்கச் சொல். தனியாகச் சாப்பிட உட்காராதே. கொஞ்சம் பாக்கு அனுப்பு, ஜாவாப் பாக்கு சப்பென்று இருக்கிறது. லாயத்தில் கூப்பிடுகிறார்கள். கஹி வந்துவிட்டாளா என்று கேட்டு அடுத்த வாரமும் எழுதுவேன்.

உன் தாமு